இடமில்லை என்றொரு மறுமொழி

பரீட்சை எழுதியவர்களுக்கு வரும் முடிவை யாழ்ப்பாணத்தார் 'மறுமொழி' என்று சொல்வது வழக்கம். பிள்ளை கேட்ட கேள்விக்கு உலகம் சொல்லும் விடை என்னும் பொருள்பட அமைந்த அழகிய சொல் அது. ஆனால் அந்த மறுமொழி எப்பொழுதும் நாம் விரும்பிய மொழியாக வாய்ப்பதில்லை. விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், இம்முறை இடமளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று இரண்டே வரிகளில் முடிந்துவிடுவதும் உண்டு. முன்னாளில் அது தபாற்காரரின் பையில் வந்தது. இன்று கைத்தொலைபேசியின் சிறு திரையில் வருகிறது. வரும் வழி மாறிற்றேயன்றி, வந்தபின் நெஞ்சில் ஏறும் பாரம் மாறவில்லை.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள், பட்டம் பெற்றபின் திரைப்படக் கலையை மேற்படிப்பாகப் பயில விரும்பி, இடம் கிடைக்காமற் போன பிள்ளைகளைப் பற்றியது. வைத்தியமும் பொறியியலும் கிடைக்காமற் போனவர்களைப் பற்றி நம் வீடுகளில் பேசாத நாளில்லை. அவர்களுக்கு இரங்குவோரும் உளர். சினிமா படிக்க விரும்பி இடம் பெறாதவருக்கோ இரக்கங்கூட எளிதிற் கிடைப்பதில்லை.

கீரிமலையிலே ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தந்தையார் அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர், தாயார் ஆசிரியை. பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றாயிற்று. அடுத்து வங்கிப் பரீட்சையா, ஆசிரிய நியமனமா என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்கையில், "நான் படம் எடுக்கப் படிக்கப் போறன்" என்று பிள்ளை சொல்லுகிறது. வீட்டில் ஒரு மாத காலம் மௌனம். பின்பு, "ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்" என்று ஐயா அரைமனத்தோடு இணங்குகிறார். விண்ணப்பம் போகிறது; கூடவே பிள்ளை எடுத்த குறும்படம் ஒன்றும் போகிறது. மாதங்கள் சில கழிந்தபின் மறுமொழி வருகிறது. அன்று மாலையே வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "என்ன தங்கச்சி, பிள்ளைக்கு மறுமொழி வந்திட்டுதோ?"

அந்தக் கேள்வியிற் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அதைக் கேட்கும் பிள்ளையின் காதில் அது வேறு விதமாக ஒலிக்கிறது. பிறர் விரும்பாத ஒன்றைத் தான் விரும்பியது ஒரு துணிவு. அந்தத் துணிவுக்குச் சான்றாக அது நம்பியிருந்தது அந்த ஓர் இடத்தைத்தான். இடம் இல்லையென்றானபின், வீட்டார் சொன்னதே சரி, தனக்குத் திறமை இல்லை, விரும்பியதே பிழை என்று பிள்ளை தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. கலாசாலை சொன்னது ஒன்று; பிள்ளை கேட்டுக்கொண்டது மூன்று. இந்த வேறுபாட்டை விளக்குவதே நமது நோக்கம்.

முதலில், கலாசாலை உண்மையில் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். இந்தியாவின் புனே நகரத்திலுள்ள திரைப்படக் கல்லூரி 1960ஆம் ஆண்டில், பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த வளவிலே தொடங்கப்பட்டது. நாடு பெரிது, மக்கள் பல கோடி. ஆயினும் அங்கே நெறியாள்கை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு என ஒவ்வொரு துறைக்கும் ஏறக்குறையப் பத்துப் பேருக்குத்தான் இடம். கமராவும் தொகுப்பறையும் ஆசிரியரின் நேரமும் அளவுடையவை. ஆகவே இடங்களும் அளவுடையவையே. பத்து இடங்களுக்கு ஐந்நூறு பேர் விண்ணப்பித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், நானூற்றுத் தொண்ணூறு பேர் திரும்பத்தான் வேண்டும். அந்த நானூற்றுத் தொண்ணூறு பேரும் திறமையற்றவர்கள் என்று சொல்ல எந்தக் கணிதத்திலும் இடமில்லை. பத்தாவதாக எடுக்கப்பட்டவருக்கும் பதினோராவதாக விடப்பட்டவருக்கும் இடையிலுள்ள தூரம், பல வேளைகளில் நேர்முகப் பரீட்சையன்று பெய்த மழையின் அளவுதான்.

போலந்து நாட்டு நெறியாளர் கிறிஸ்தோவ் கீஸ்லோவ்ஸ்கி, 'மூன்று வர்ணங்கள்' என்னும் தொடர்ப் படங்களால் 1990களில் உலகப் புகழ் பெற்றவர். அவரை லோட்ஸ் நகரத் திரைப்படக் கல்லூரி இரண்டு முறை திருப்பி அனுப்பியது. இரண்டாம் முறையும் இடமில்லையென்று அறிந்த தாயார் கண்ணீர் விட்டதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மூன்றாம் முறை, 1964இல், இடம் கிடைத்தது. அந்த நேர்முகப் பரீட்சையில் வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் எவை என்று கேட்டார்களாம். அவரோ டிராம் வண்டி, பஸ், ஆகாய விமானம் என்று போக்குவரத்துச் சாதனங்களை அடுக்கினாராம். கேட்டவர்கள் அதை ஒரு கூர்மையான கிண்டல் என்று எண்ணிக்கொண்டு தம்மை எடுத்துவிட்டிருக்கலாம் என்று அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் முறை எடுக்கப்பட்டவர் முதலிரண்டு முறை விடப்பட்ட அதே மனிதர்தான். தெரிவு என்பது மனிதர் செய்யும் காரியம். அதில் தற்செயலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி நம் நாட்டுக்கே வருவோம். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939ஆம் ஆண்டிற் பிறந்தவர் பாலு மகேந்திரா. அவர் பள்ளி மாணவராக இருந்த காலத்தில், டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர் 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்தை எடுக்க இலங்கைக்கு வந்திருந்தார். பள்ளிச் சுற்றுலாவாகப் போன சிறுவர் அந்தப் படப்பிடிப்பைப் பார்க்க நேர்ந்தது. நெறியாளர் 'மழை' என்று சொன்னார். உடனே மழை கொட்டியது. ஒரு மனிதன் சொல்ல மழை பெய்கிறதே என்ற வியப்பிலேதான் தம் சினிமா ஆசை முளைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். நெறியாளர் ஆக வேண்டும் என்பதே அச்சிறுவரின் கனவு.

அந்தக் கனவோடு அவர் புனே சென்றது 1966ஆம் ஆண்டில். அங்கே என்ன நடந்தது? மற்றத் துறைகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒளிப்பதிவுப் பிரிவு ஒன்றே. கடல் கடந்து வந்த இளைஞரின் முன் அப்போது இரண்டு வழிகள் இருந்தன: கேட்டது கிடைக்கவில்லையே என்று ஊர் திரும்புவது; அல்லது கிடைத்ததைக் கற்பது. அவர் கற்றார். 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியேறினார். பயிற்சியின் முடிவில் அவர் எடுத்த சிறு படத்தைக் கண்டு மகிழ்ந்த மலையாள நெறியாளர் ராமு காரியாட், தமது 'நெல்லு' என்ற படத்தின் ஒளிப்பதிவை அவரிடம் ஒப்படைத்தார். 1974இல் வெளிவந்த அப்படம் அவருக்குக் கேரள அரசின் விருதைப் பெற்றுத் தந்தது.

ஆனால் அவர் நெறியாளர் ஆனது எப்போது? 1977இல், கன்னட மொழியில் எடுத்த 'கோகிலா' மூலம். புனேயில் நுழைந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் பதினொரு ஆண்டுகள். சிறுவனாக மழையைப் பார்த்து வியந்த நாளிலிருந்து கணக்கிட்டால் இருபது ஆண்டுகளுக்கு மேல். அப்படத்தின் ஒளிப்பதிவுக்கு இந்திய தேசிய விருதும் கிடைத்தது. பின்னர் 'அழியாத கோலங்கள்', 'மூன்றாம் பிறை', 'வீடு' என்று அவர் தமிழில் எடுத்த படங்களை வாசகர்கள் அறிவார்கள். தம் படங்களுக்குத் தாமே ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்த நெறியாளர் அவர். விரும்பாமற் சேர்ந்த வகுப்பிற் கற்ற வித்தையே அவர் படங்களுக்குத் தனி முகத்தைத் தந்தது. 2007இல் சென்னையில் தாமே ஒரு சினிமாப் பட்டறையைத் தொடங்கி இளைஞர்களுக்குக் கற்பித்தார். 2014 பெப்ரவரியில் அவர் மறையும்போது, பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி முதலியோர் அவரிடம் தொழில் பயின்றவர்களாக முன்னணியில் நின்றார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டியது நமது கடமை. இத்தகைய கதைகளைக் கேட்டவுடன், இடம் கிடைக்காததே அதிர்ஷ்டம் என்று சிலர் பேசத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவின் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆயினும் அவர் உலகப் பிரசித்தி பெற்றார் என்பார்கள். உண்மைதான். அவர் லாங் பீச் நகரிலுள்ள வேறொரு கல்லூரியிற் சேர்ந்து, படிப்பை இடைநடுவில் விட்டு, 2002ஆம் ஆண்டில்தான் பட்டத்தை முடித்தார் என்பதும் உண்மையே. ஆனால் அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பெயர் தெரியாமற் போனோர் எத்தனை பேர்? வென்றவர்களின் கதை மட்டுமே நம்மிடம் வந்து சேருகிறது. ஆகவே, "நீயும் ஒரு நாள் ஸ்பீல்பேர்க் ஆவாய்" என்று பிள்ளைக்கு ஆறுதல் கூறாதீர்கள். அது இன்னொரு பாரத்தைத் தோளில் ஏற்றுவதாகும். இவர்களின் வாழ்விலிருந்து நாம் எடுக்கத்தக்கது அவர்களுடைய புகழை அன்று. கதவு மூடியிருந்த காலத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையே.

நம் சமூகத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், கூடுதலான புள்ளி பெற்ற பிள்ளைகளையும் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தியது. அந்தக் காயம் ஒரு தலைமுறையின் போக்கையே மாற்றியது. அதனால், எந்த வாசல் மூடினாலும் அது நமக்கு இழைத்த அநீதி என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. அநீதியால் மூடிய கதவு வேறு. இடம் போதாமையால் மூடிய கதவு வேறு. முன்னதை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டும். பின்னதை எதிர்த்துக் கோபங்கொள்வதால் பிள்ளையின் நாட்கள்தாம் வீணாகும். எது எதுவென்று பிரித்தறிய உதவுவது பெரியவர்களின் பொறுப்பு.

பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். மறுமொழி வந்த நாளில், "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்ற வார்த்தையை விழுங்கிவிடுங்கள். அது உண்மையாகவே இருப்பினும் அன்று சொல்லத்தக்கதன்று. அடுத்த வீட்டுக்கு மறைக்கவும் வேண்டாம். மறைத்தால், தான் ஏதோ வெட்கப்படத்தக்க காரியம் செய்துவிட்டதாகப் பிள்ளை எண்ணும். "இம்முறை கிடைக்கவில்லை, மாமி" என்று தாயார் வேலியருகே நின்று இயல்பான குரலிற் சொல்வதைக் கேட்கும் பிள்ளைக்கு, அதைவிடச் சிறந்த மருந்து வேறில்லை. சில நாட்கள் பேசாதிருந்தால் விட்டுவிடுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு மட்டும் தவறாமற் போகட்டும். ஆனால் வாரங்கள் கழிந்தும் உறக்கமின்றி, உணவை ஒதுக்கி, வாழ்வே முடிந்ததென்று பேசுமாயின், அதைப் பிடிவாதம் என்று தள்ளாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லத் தயங்கலாகாது.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவையும் உண்டு. திரைப்படக் கல்லூரி தருவன மூன்று: கருவி, ஆசிரியர், சேர்ந்து வேலை செய்யும் தோழர்கள். இம்மூன்றையும் வேறு வழியாகத் தேட முடியுமா என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி. முடியும் என்பதற்குச் சான்றுகள் நம் அருகிலேயே உள்ளன. சத்யஜித் ராய் எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக வேலை பார்த்தவர். 1947இல் நண்பர்களோடு சேர்ந்து திரைப்படச் சங்கம் ஒன்றை அமைத்தார். ஒரு கதை படமாகப் போகிறது என்று அறிந்தால், அதற்குத் தாமே திரைக்கதை எழுதி வைத்துக்கொண்டு, படம் வந்தபின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராம். இதற்குச் செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனாவுந்தான். 1955இல் வந்த அவருடைய 'பதேர் பாஞ்சாலி'க்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ரா, அதற்கு முன் சினிமாக் கமராவைக் கையாண்டவரே அல்லர்.

நம் நாட்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் பத்திரிகையாளராக இருந்து, அரசாங்கத் திரைப்படப் பிரிவில் வேலை செய்து, 1956இல் 'ரேகாவ' படத்தை ஸ்டூடியோவுக்கு வெளியே, கிராமத்து வெயிலில் எடுத்தார். மறு ஆண்டு அது பிரான்சு நாட்டின் கான் விழாவுக்குச் சென்றது. பேராதனையிற் சிங்களமும் மேலைப் பண்பாடும் படித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு 1977இல் 'பொன்மணி' என்னும் தமிழ்ப் படத்தை இம்மண்ணிலேயே எடுத்தார். தமக்குத் தாய்மொழியல்லாத மொழியில், அயலூர் ஒன்றின் சாதியையும் சீதனத்தையும் அவர் உற்றுப் பார்த்தார். அக்காலத்துக் கருவிகளோடு ஒப்பிட்டால், இன்று நம் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசி ஒரு சிறு ஸ்டூடியோ. 2015 முதல் யாழ்ப்பாணத்திலேயே சர்வதேசத் திரைப்பட விழாவும் தொடங்கியிருக்கிறது. தோழர்களைத் தேடுவோருக்கு அத்தகைய இடங்களே நல்ல சந்தை.

பொருள் எங்கே என்று கேட்பீர்களாயின், கீரிமலையையே காட்டுவோம். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செலுத்த வரும் தந்தையற்ற பிள்ளைகள். 1990இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் கட்டங்கட்டமாகத் திரும்பி வந்து தம் வீட்டின் அத்திவாரத்தைத் தேடிய குடும்பங்கள். கேணிப் படியில் அமர்ந்து பழைய அயலவரை முகத்தால் அடையாளங் காணும் முதியவர்கள். இவர்களைப் படமெடுக்க எந்தக் கல்லூரியின் அனுமதியும் வேண்டாம். அவர்களுடைய அனுமதி போதும்.

அந்தக் கேணியின் நீரையும் சற்றே எண்ணிப் பாருங்கள். நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மாரியிற் பெய்யும் மழை ஓடிச் செல்ல வழி காணாது, சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள்ளே இறங்கிவிடுகிறது. இறங்கிய நீர் போயிற்று என்றே பார்ப்பவர் எண்ணுவர். அது நிலத்தின் கீழே மெல்ல மெல்ல வழி தேடி நகர்ந்து, உப்புக் கடலின் விளிம்பிலே, அலை அடிக்கும் மதிலுக்கு இப்பால், நன்னீர் ஊற்றாக எழுகிறது. மேலே ஆறு இல்லாமையால் நீர் இல்லாமற் போய்விடவில்லை.

இறுதியாக, செய்யத்தக்க சில காரியங்கள். அனுப்பிய குறும்படத்தை ஒரு மாதம் பெட்டியிற் பூட்டி வையுங்கள். பின்பு அதை அயலான் எடுத்த படம்போற் பாருங்கள். உறவினர் அல்லாத, முகத்துக்கு அஞ்சாத மூவரிடம் காட்டிக் குறைகளைக் கேளுங்கள். பழைய படத்தையே திருத்திக்கொண்டிராது புதிதாக ஒன்று எடுங்கள். மறுபடி விண்ணப்பிப்பதாயின், எத்தனை முறை, எத்தனை ஆண்டு என்று வீட்டாரோடு இருந்து முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வாருங்கள். அக்காலத்தில் கைச்செலவுக்கு ஒரு தொழிலும் பாருங்கள். அந்த எல்லை வந்தபின்னும் இடம் கிடைக்காவிடின், கல்லூரியை விடுவது தோல்வியாகாது. படம் எடுப்பதை ஞாயிற்றுக்கிழமை வேலையாக வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாக வாழ்வோரும் உளர். பக்கத்துக் கதவு ஒன்று திறந்தால், அது நீங்கள் கேட்ட கதவு அன்று என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள்.

கலாசாலை தந்த மறுமொழிக்குப் பிள்ளை தரும் மறுமொழியும் ஒன்று உண்டு. அது கடிதத்தில் எழுதி அனுப்பத்தக்கதன்று. செய்து முடித்த வேலையாக, சில ஆண்டுகளுக்குப் பின்னரே போய்ச் சேரும். அதுவரை அப்பிள்ளையோடு பொறுமையாக இருப்பதே நம் எல்லோருடைய கடன்.